நீர் இறங்கினால் தெரியும் தெரு: பழைய மஸ்கெலியாவை வரைதல்

தை பிறந்து, மழை ஓய்ந்து, மவுசாகலை நீர்த்தேக்கத்தின் மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் மஸ்கெலியாவில் ஒரு பேச்சு பரவும்: "பழைய டவுன் தெரியுதாம்." ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு கரையிறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். நீருக்குள் போன ஊரின் இந்துக் கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே வந்திருக்கும். அவற்றுக்கிடையே அத்திவாரங்கள், படிகள், தெருவின் தடம். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் அதுவேதான். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற யாத்திரிகர்களில் பலர் இந்த நீர்க்கரையைத் தாண்டித்தான் மலையேறப் போகிறார்கள். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எல்லாம் திரும்பவும் தண்ணீருக்குள் போய்விடும்.

பழைய நகரத் தெருக்களில் அலைந்து திரிந்து, கண்டதைப் படமாக்குவது உலகெங்கும் ஓவியர்களின் பழக்கம். ஆனால் மழை குறைந்த ஆண்டுகளில், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் நடக்கக் கிடைக்கிற தெரு அபூர்வமானது. அப்படியொரு தெரு நம் காலடியில் கிடக்கிறது. மலையகத்தை நடப்பவரின் கண்ணால் வரையும் ஓவிய மரபு ஒன்று உருவாக வேண்டுமானால், அதற்கான முதல் பயிற்சிக் களம் பழைய மஸ்கெலியாதான் என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதையும், எப்படி என்பதையும் விரிவாகப் பார்க்கலாம்.

தெரு நீருக்குள் போன கதை மின்சாரத்தின் கதை. களனி கங்கையின் மேற்பகுதியில் கெசல்கமு ஓயா, மஸ்கெலிய ஓயா என்று இரண்டு கிளைகள். இந்த ஆறுகள் மலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் இடங்களில் மின்சாரம் எடுக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டு சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதன் பின் கெசல்கமு ஓயாவில் காசல்ரீ, மஸ்கெலிய ஓயாவில் மவுசாகலை என்று இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1960களின் இறுதியில் முடிந்த மவுசாகலைதான் இரண்டிலும் பெரியது. அதன் கொள்ளளவு சுமார் 12 கோடி கன மீட்டர். பள்ளத்தாக்கின் அடியில் இருந்த ஊர் மேட்டுக்கு நகர்த்தப்பட்டது. இன்று நாம் மஸ்கெலியா என்று சொல்வது அந்தப் புதிய ஊரை.

அதே பத்தாண்டில்தான் 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு என்று, மனிதரைக் கேட்காமலேயே கணக்குப் பிரித்தார்கள். மலையகத் தமிழரைப் பொறுத்தவரை, அணை கட்டிய ஆண்டுகளும் ஆளனுப்பிய ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தவை. மஸ்கெலியா போன்ற ஊரின் பழைய தெரு யார் யார் நினைவில் இருக்கிறது என்று தேடப் போனால் இந்த இரட்டை இழப்பு தடுக்கும். தெரு தண்ணீருக்குள் போனது. அந்தத் தெருவை அறிந்தவர்களில் ஒரு பகுதியினர் இராமேஸ்வரம் வழியாக நீலகிரிக்கும் திருச்சிக்கும் வேறெங்கோவும் போனார்கள். இன்று கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் ஒரு முதியவருக்கு, மஸ்கெலியாவில் இருக்கும் இளம் ஓவியருக்குத் தெரியாத ஒரு கடை வாசல் தெரிந்திருக்கலாம்.

அந்தக் கடைத்தெரு தோட்டத் தொழிலாளிக்கு என்னவாக இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டம் என்பது வேலி போடாத அடைப்பு. பிரட்டுக் களத்தில் பெயர் விழுவதிலிருந்து கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்ப்பது வரை ஒவ்வோர் அசைவுக்கும் மேலே ஒரு கண் இருந்தது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அந்தக் கண்களுக்குப் படிநிலையும் இருந்தது. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்கியவர், அங்கே யாருடைய பேர்ப் பட்டியலிலும் இல்லாத மனிதராக நடந்தார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்த தெருவில் சாமான் வாங்கினார், கடிதம் போட்டார், சங்கத்துக்காரரைப் பார்த்தார். நீர் இறங்கும்போது மூன்று மத வழிபாட்டிடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தலைகாட்டுவது அந்தத் தெருவின் கலப்புக்குச் சாட்சி. ஆகவே மஸ்கெலியாவில் ஒரு தெரு மறைந்தது என்றால், தொழிலாளி தன் இஷ்டப்படி நடந்த ஓர் இடம் மறைந்தது என்று பொருள்.

இனி ஓவியத்துக்கு வருவோம். மலைநாட்டைப் பற்றி உலகம் பார்த்த படங்களில் பெரும்பாலானவை உயரத்திலிருந்து எடுத்தவை, அல்லது தூரத்திலிருந்து எடுத்தவை. பச்சைக் கம்பளம், நடுவே வெள்ளையாக ஒரு ஃபெக்டரி, புள்ளி புள்ளியாகக் கொழுந்தெடுக்கும் பெண்கள். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்களே, அந்தக் குளிர்ச்சியை விற்றவர்கள் பலர். தேயிலைப் பிரசாரச் சபைக்காக பேசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' அழகான ஆவணப்படம். ஆனால் அந்த அழகின் செலவைக் கொடுத்தது தேயிலை வியாபாரம். சுற்றுலா அட்டைகளும் தேயிலைப் பெட்டிகளும் இன்றுவரை அதே கோணத்தில்தான் நிற்கின்றன. ஒரு தோட்டத்தில் அந்தக் கோணம் எங்கிருந்து கிடைக்கும் என்று நின்று பார்த்தால் புரியும்: பெரும்பாலும் துரை பங்களாவின் முற்றத்திலிருந்து.

கமராவை மனிதருக்கு அருகில் கொண்டுவந்த ஒருவர் இந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தார். ஜூலியா மார்கரெட் கமரூன், 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர், 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அவர் கல்லறை இருக்கிறது. மஸ்கெலியாவிலிருந்து மலை தாண்டினால் போய்விடக்கூடிய தூரம். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் முகத்துக்கு நேரே நின்று படமெடுத்தவர், இங்கே தொழிலாளரையும் அதே நெருக்கத்தோடு எடுத்தார். அந்தப் படங்கள் சொற்பமே எஞ்சியுள்ளன. முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. டெனிசன் டெனிசனாகவே நிற்க, நம் ஆட்கள் 'தோட்டத் தொழிலாளர்' என்ற பொதுப் பெயரில் நிற்கிறார்கள். அருகில் போனால் மட்டும் போதாது, யாரென்று கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதை அந்தப் படங்கள் எனக்குச் சொல்கின்றன.

கேட்டுக்கொண்டே நடந்த ஓவியர்கள் உண்டா? இங்கிலாந்தின் எல். எஸ். லௌரி வாடகை வசூலிக்கும் வேலை பார்த்தவர். 1952இல் ஓய்வு பெறும்வரை மான்செஸ்டர், சல்ஃபோர்ட் பகுதியின் தொழிலாளர் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கையில் கிடைத்த காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து தீட்டினார். ஆலைக்கு விரையும் மெலிந்த உருவங்கள் கூட்டமாக இருந்தாலும், ஒவ்வொன்றும் ஒரு நடையோடு இருக்கும். பாரிஸில் சார்ள் மெரியோன் 1850க்கும் 1854க்கும் இடையில் பழைய நகரத்தைச் செதுக்கோவியங்களாகப் பதித்தார். ஹவுஸ்மன் அந்தத் தெருக்களை இடித்து அகல வீதிகள் போட்ட காலத்தின் வாசலில் நின்று செய்த வேலை அது. மெரியோனுக்கு நிறக்குருடு. வண்ணத்தைக் கைவிட்டுக் கோட்டுக்கு வந்தவர். இந்தச் செய்தியை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன், கொஞ்சம் பின்னால் அது தேவைப்படும்.

ஆனாலும் நமக்கு மிக நெருக்கமான ஆசான்கள் இரண்டு பேர். ஒருவர் மதுரையில் 1936இல் பிறந்த மனோகர் தேவதாஸ். தொழிலால் வேதியியலாளர். விழித்திரையைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய் அவர் பார்வையைப் பல பத்தாண்டுகளில் தின்று தீர்த்தது. அந்த ஓட்டத்துக்கு நடுவிலேதான் மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் சுற்றியுள்ள மலைகளையும் பேனா மையால், நூலிழை நூலிழையாக வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார். அவர் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை பிடிபடும்: சிறுவயதில் நடந்த தெருவைக் கால் மறப்பதில்லை. ஒரு திண்ணை எத்தனை படி உயரம் என்பதைக் கண்ணைவிட முழங்கால் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது.

மற்றவர் யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன். 2011இல் வெளிவந்த அவருடைய 'த இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூல் இங்கே அதிகம் பேசப்பட வேண்டியது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. போரால் வீடிழந்தவர்களிடம் அவர் போனார், அவரவர் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். கோடு கோணலாக இருக்கும், அறை அளவு பொருந்தாது. அந்தக் கீறலை அப்படியே வைத்தார். அதன் பக்கத்தில் ஒழுங்கான கட்டடப் படத்தை வைத்தார். அவர்கள் சொன்ன வார்த்தைகளையும், தான் வரைந்த சித்திரத்தையும் சேர்த்தார். சமையலறை ஒருவர் படத்தில் வீட்டைவிடப் பெரிதாக வரலாம். அதைத் திருத்தாமல் விடுகிற துணிச்சல் முக்கியம், ஏனென்றால் அந்த வீட்டில் அவர் வாழ்ந்த இடம் அதுதான்.

தேவதாஸின் கால் நினைவையும் சனாதனனின் தரைப்படத்தையும் எடுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்தின் தரைக்கு இறங்குவோம். முதலில் கண்ணில் படுவது கரையின் வரிகள். நீர் கட்டம் கட்டமாக இறங்கியதால் சரிவு முழுக்கக் கிடைக்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிந்திருக்கும். நில அளவைப் படத்தின் சமவுயரக் கோடுகள் மண்ணிலேயே வரைந்து கிடப்பதாகத் தோன்றும். அதற்குக் கீழே பச்சை இல்லை. இதுதான் பெரிய அதிர்ச்சி. மஸ்கெலியா என்றாலே பச்சையைப் பிதுக்கிக்கொண்டு உட்காரும் ஓவியருக்கு இங்கே கிடைப்பவை சாம்பல், மங்கிய மஞ்சள், காய்ந்த சேற்றின் வெண்மை, ஈரம் மாறாத பள்ளங்களின் கருமை. மெரியோன் இந்த இடத்தில் நமக்குத் துணை. வண்ணம் கைகொடுக்காத இடத்தில் கோடு எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர் காட்டிவிட்டார்.

அடுத்தது கோணம். பள்ளத்தின் அடியில் நிற்கிறோம். கண்ணெதிரே சுவர்களில் பல அத்திவார மட்டத்துக்கு வந்துவிட்டன. நேர்ப்பார்வையில் வரைந்தால் கற்குவியலாகப் போய்விடும், மேலிருந்து பார்க்கும் தரைப்படமாக வரைந்தால்தான் வீடு வீடாகப் பிரியும். ஆனால் தலையை நிமிர்த்தினால் புதிய டவுனும் தேயிலை மலைகளும் மேலே நிற்கின்றன. பழைய தெருவில் நின்று புதிய ஊரை அண்ணாந்து பார்க்கிறோம். பங்களா முற்றத்துக் கோணம் இங்கே முற்றாகத் தலைகீழாகிவிடுகிறது. ஒரே தாளில் கீழ்ப்பாதி தரைப்படமாகவும் மேற்பாதி அண்ணாந்த காட்சியாகவும் வந்தால் தவறென்று ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டக்கூடாது. இந்த இடம் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறது.

ஈரச் சேற்றில் கால் வைப்பது ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே ஓடு கட்டினாற்போல் காய்ந்திருக்கும், கீழே இடுப்பளவு இளகியிருக்கும். தெரிந்தவர் வழிகாட்டாமல் இறங்கக்கூடாது.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் முழு ஈடுபாடும் இருக்கிறது. அது சுற்றியுள்ள தேயிலை மலைகளின் மேல்மண். கவ்வாத்து வெட்டிய மலையில் பெருமழை விழும்போது மண் கரைந்து கானில் இறங்கி, ஓயாவில் சேர்ந்து, நீர்த்தேக்கத்தின் தரையில் படிகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டங்கள் தம் மண்ணை இந்தத் தெருமேல் இறக்கி வந்திருக்கின்றன. அந்த மண்ணையே வண்ணமாக்கலாம். ஒரு டப்பா சேற்றை எடுத்து நிறையத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே உள்ள கலங்கலை மட்டும் வேறொரு பாத்திரத்தில் வடித்து, அது தெளிந்து படியும்வரை விட வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் மாவாக ஒரு வண்டல் கிடைக்கும். காயவைத்து, கண்ணாடிப் பலகையில் அரைத்து, கரைத்த வேலம்பிசினோடு குழைத்தால் நீர்வண்ணம் தயார். மலைநாட்டு மண்ணில் இரும்பு இருப்பதால் மஞ்சள் காவி தானாக வரும். அடுப்பில் வறுத்தால் சிவப்பேறும்.

தேயிலையும் வண்ணம்தான். ஹட்டன் பகுதியைச் சேர்ந்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையும் தேயிலைப் பைகளையும் தம் படைப்புகளின் பொருளாக்கியவர். லயத்து வாழ்க்கையும் பெண்களின் உழைப்பும் அந்தக் கறையிலேயே உருவெடுக்கின்றன. அருள்ராஜ் உலகநாதன் தோட்டத் தொழிலாளரின் உடலையும் வாழ்வையும் மையமாக்கி வரைகிறார். தோட்டத்துக்குள் பிறந்த கண்கள் கொழும்புக் காட்சிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது பெரிய நிகழ்வு. இவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு நுட்பக் குறிப்பு: சாயத் தேநீரை அடுக்கடுக்காகக் காயவைத்துப் பூசினால் பழுப்பின் பல படிகள் வரும். ஆனால் வெயில் படும் சுவரில் மாட்டினால் நாளடைவில் மங்கும். அதே சாயத்தில் அன்னபேதி கரைசல் ஒரு துளி விட்டால், தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறுப்பாக மாறும். பழைய காலத்து எழுதுமையின் சூத்திரமும் இதுதான். தோட்டத்துத் தூளும் தோட்டத்து மண்ணும் சேர்ந்தால் பழைய தெருவுக்கு வேண்டிய நிறங்கள் முழுதும் கைக்குள் வந்துவிடும். மஸ்கெலியாவின் ஈரக்காற்றில் நீர்வண்ணம் காய நேரமெடுக்கும் என்ற தொல்லையும் தை, மாசி முன்பகல்களில் குறைவு.

நடப்பது மலையகத்தவருக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பாதயாத்திரை நடந்தது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 முதல் ஓர் அருங்காட்சியகம் லயன் காம்பராவையும் தொழிலாளரின் புழங்குபொருட்களையும் பாதுகாத்து வருகிறது. நடையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. தெருவின் படம்தான் இல்லை.

அதனால் வேலையை இப்படித் தொடங்கலாம். தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் ஓவியர்கள் முதியவர்களிடம் போக வேண்டும். அணைக்கு முன் பத்து வயதில் கடைத்தெருவுக்கு அப்பாவின் கைபிடித்து நடந்தவருக்கு இன்று எழுபது வயது நெருங்கியிருக்கும், தாண்டியும் இருக்கும். காத்திருக்க அவகாசமில்லை. "அம்மா, பஸ் நின்ற இடத்திலிருந்து கோயிலுக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டு, கை போகிற போக்கில் ஒரு கோடு இழுக்கச் சொல்ல வேண்டும். தமிழரிடம் மட்டும் கேட்டால் பாதித் தெருதான் கிடைக்கும். விகாரைக்குப் போனவரிடமும், பள்ளிவாசலுக்குப் போனவரிடமும், கடை வைத்திருந்த குடும்பங்களிடமும், தமிழ்நாட்டுக்குப் போய்விட்டவர்களிடமும் கேட்க வேண்டும். நீர் இறங்கியதும் அந்தக் கோடுகளை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து, எஞ்சிய படியோடும் அத்திவாரத்தோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தாத இடங்களை அழிக்காமல் இரண்டையும் தாளில் வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் திகதியும், அன்றைய நீர்மட்டமும், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரும் எழுதப்பட வேண்டும். கமரூனின் படங்களில் விடுபட்டது நம் படங்களில் விடுபடக்கூடாது.

இந்தப் படங்களுக்குக் கொழும்பு பிறகு வரட்டும். முதலில் புதிய டவுனிலேயே, ஆட்கள் நின்று பார்க்கக்கூடிய ஒரு பொது இடத்தில், சம்பள ஞாயிறு ஒன்றில் மாட்டலாம். கடைத்தெருவைத் தெரிந்தவர் எவரேனும் வந்து, "இந்தச் சந்து அந்தப் பக்கம்" என்று சொல்லக்கூடும். அவருக்கு ஒரு பென்சிலும், படத்தின் மேல் போட ஒரு மெல்லிய தாளும் அங்கேயே தயாராக இருக்க வேண்டும்.